கேளா ஒலியும் கேட்போன் பொறுப்பும்

மனிதன் தன் புலன்களின் எல்லையைக் கருவிகளின் துணைகொண்டு விரித்து வந்த வரலாறே அறிவியல் வரலாற்றின் ஒரு பெரும்பகுதி எனலாம். தொலைகாட்டி வானத்தை அண்மையிற் கொணர்ந்தது. நுணுக்குக்காட்டி ஒரு துளி நீருள் ஓர் உலகைக் காட்டிற்று. கண்ணுக்குத் துணைவந்த இக்கருவிகள் பற்றி மெய்யியலாளர் நிறையவே சிந்தித்துள்ளனர். செவிக்குத் துணைவந்த கருவிகள் பற்றிய சிந்தனையோ ஒப்பளவிற் குறைவாகும். ஆயினும், அறிவுக்கும் அறத்துக்கும் இடையிலான உறவைச் செவிக்கருவிகள் எழுப்பும் வினாக்கள் போலக் கூர்மையாகக் காட்டுவன சிலவே. கடலின் ஆழத்தில் எழும் ஒலிகளைக் கேட்டறியும் ‘சோனார்’ முறை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கடலில் நெடுந்தூரம் செல்லும் ஒலிகளிற் பல மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகள். அவற்றைச் செவிக்கு எட்டுமாறு மாற்றித் தரும்போது, கேட்போன் கேட்பது அவ்வொலியையா, அன்றி வேறொன்றையா? அவன் கேட்டதை நம்பி ஒரு செயல் நிகழ்த்தப்படின், அச்செயலின் பொறுப்பு யாரைச் சாரும்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், முதல் வினாவுக்கு விடை காணாது இரண்டாவதற்கு விடை கூறல் இயலாதென்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கடலின் இயல்பை நோக்குதல் வேண்டும். நீரில் ஒளி சில நூறு மீற்றர்களுக்குள் அடங்கிவிடுகின்றது. ஒலியோ செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்தில் நெடுந்தொலைவு செல்கின்றது. அவ்வொலியிலும் மீடிறன் கூடியவற்றைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிக்கொள்ள, மீடிறன் குறைந்தவை நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரம் கடந்து செல்கின்றன. 1991ஆம் ஆண்டு இந்து சமுத்திரத்தின் தென்கோடியிலுள்ள ஹேர்ட் தீவின் அருகே செக்கனுக்கு 57 அதிர்வு கொண்ட ஒலி கடலினுள் எழுப்பப்பட்டபோது, அது ஐக்கிய அமெரிக்காவின் இரு கரையோரங்களிலும் பதிவாயிற்று. ஆகவே தொலைவிலுள்ள ஒன்றைக் கடல் அறிவிக்குமாயின், அதனைப் பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே அறிவிக்கின்றது என்பது தெளிவு.

மனிதச் செவியின் இயல்போ இதற்கு மாறானது. செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை அது கேட்கும் எனப் பாடநூல்கள் கூறும். ஆனால் அவ்வெல்லைக்குள்ளும் அதன் கூர்மை ஒருதன்மையதன்று. செக்கனுக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளுக்கே அது மிக நுண்ணியது. குழந்தையின் அழுகுரலும் மனிதப் பேச்சின் மெய்யெழுத்தொலிகளும் தம் கூர்மையைப் பெறுவது இப்பரப்பின் அயலிலேயே. கீழே செல்லச் செல்லச் செவி மந்தமாகின்றது. செக்கனுக்கு 20 அதிர்வு கொண்ட ஒலி மட்டுமட்டாகக் கேட்பதற்கே, 1000 அதிர்வு கொண்ட ஒலிக்கு வேண்டியதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தம் வேண்டும். இவ்வேறுபாட்டை ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் வளைகோடுகளாக வரைந்து காட்டினர். கடல் பேசும் இடத்திற் செவி மந்தமாக உள்ளது. செவி கூர்மையாக உள்ள இடத்திற் கடல் தொலைவினின்றும் பேசுவதில்லை. சோனார் இயக்குநனின் இடர்ப்பாடு முழுவதும் இம்முரணிலிருந்தே பிறக்கின்றது.

ஒலியின் உரப்பைக் கூட்டினாற் போதாதோ எனலாம். போதாது. உரப்பைக் கூட்டும்போது வேண்டிய ஒலியுடன் வேண்டாத இரைச்சலும் கூடுகின்றது. மேலும், உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள மென்மையான ஒலிகளைச் செவியில் மறைத்துவிடும் இயல்புடையது. எனவே உரப்பை மாற்றுவதோடு நில்லாது, ஒலியையே வேறோரிடத்துக்கு இடம்பெயர்க்க வேண்டியதாகின்றது. அவ்வாறு இடம்பெயர்க்கும் வழிகள் பல. ஒவ்வொன்றும் எதைக் காக்கின்றது, எதை இழக்கின்றது என்று நோக்குவது பயனுடைத்து.

ஒரு கப்பலை உந்தும் சுழலி நிமிடத்துக்கு 120 முறை சுழல்கின்றது என்றும், அதற்கு நான்கு இதழ்கள் உள்ளன என்றும் கொள்க. செக்கனுக்கு இரு சுழற்சி. ஆகவே செக்கனுக்கு எட்டு இதழடி. அதனால் நீரில் 8, 16, 24 என்ற வரிசையில் அதிர்வுகள் எழலாம். முதலிரண்டும் செவியின் எல்லைக்குக் கீழானவை. மூன்றாவதும் அரிதாகவே கேட்பது. இவ்வொலியைப் பதிவுசெய்து பத்து மடங்கு விரைவாக ஒலிபரப்பினால் 80, 160, 240 என்றாகும். இங்கு 1, 2, 3 என்னும் விகிதம் கெடவில்லை. செவி சுருதிகளின் உறவை விகிதத்தாலேயே அறிவதனால், மூன்றும் ஒரே மூலத்தினின்றும் பிறந்தன என்பதை அது உடனே உணரும். ஆனால் காலம் சுருங்கிவிட்டது. ஒரு நிமிட நிகழ்ச்சி ஆறு செக்கனில் முடிந்துவிடுகின்றது. கேட்போன் கேட்பது எப்பொழுதும் நடந்து முடிந்த ஒன்றையே. ‘இப்பொழுது’ என்பது அவனுக்கில்லை.

இரண்டாவது வழி, ஒவ்வோர் அதிர்வோடும் ஒரே அளவைக் கூட்டுவது. ஐந்நூறைக் கூட்டினால் 508, 516, 524 என்றாகும். இங்கு காலம் காக்கப்பட்டது. நிகழ்வதை நிகழும்போதே கேட்கலாம். வேறுபாடு எட்டு என்பதும் காக்கப்பட்டது. ஆனால் விகிதம் அழிந்துவிட்டது. ஒரு தாயின் மக்களாகிய மூன்று ஒலிகள் இப்போது உறவற்ற மூவராய்ச் செவியில் ஒலிக்கின்றன. உண்மையிலே உறவற்ற மூன்று ஒலிகள் வந்தாலும் அவையும் ஏறத்தாழ இவ்வாறே ஒலிக்கும் என்பதை நோக்கும்போது இவ்விழப்பின் அளவு புலனாகும்.

மூன்றாவது வழி நூதனமானது. தொலைபேசி ஏறத்தாழ 300 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றைக் கொண்டுசெல்வதில்லை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வோ நூறை அடுத்துள்ளது. எனினும் தொலைபேசியிற் பேசும் ஆணின் குரல் ஆண்குரலாகவே கேட்கின்றது. மேலே வந்து சேர்ந்த மேற்றொனிகளின் ஒழுங்கைக் கொண்டு, வராத அடிப்படையைச் செவி தானே நிரப்பிக்கொள்கின்றது. இவ்வியல்பைப் பயன்படுத்தி, தாழ்ந்த ஒலிக்குரிய மேற்றொனிகளைச் செயற்கையாக உண்டாக்கிச் செவிக்கு ஊட்டலாம். இங்கு கேட்போன் இல்லாததைக் கேட்கின்றான். ஆயினும் பிழையாகக் கேட்கவில்லை. ஆனால் அம்மேற்றொனிகள் கடலில் எழுந்தவையா, கருவியில் எழுந்தவையா என்று செவியால் மட்டும் பிரித்தறிய இயலாது.

நான்காவது வழி செவியையே விடுத்து ஒலியைப் படமாக வரைவது. 1950களிலே ஐக்கிய அமெரிக்கக் கடற்படை அத்திலாந்திக் கடலடியில் நிறுவத் தொடங்கிய ஒலிவாங்கி வரிசைகளிற் கிடைத்த தாழ்ந்த ஒலிகள், கடதாசிச் சுருளிற் கோடுகளாக எரித்துப் பதியப்பட்டன. படம் காத்திருக்கும், பலர் கூடி நோக்கலாம். செவியறிவோ தனிமையானது, கேட்ட கணத்தோடு மறைவது. ஆனால் இரைச்சலுள் ஓர் ஒழுங்கைச் சட்டெனக் கண்டுகொள்ளும் ஆற்றல் பயின்ற செவிக்கு உண்டு.

இவ்வழிகள் அனைத்தையும் ஒருசேர நோக்கின் ஓருண்மை தோன்றும். ஒரு மொழியிலுள்ள கவிதையை இன்னொரு மொழிக்குப் பெயர்ப்போன் ஓசையையும் பொருளையும் ஒருங்கே காத்தல் அரிது; எதை விடுவது என்று அவன் தெரிந்தாக வேண்டும். ஒலியைப் பெயர்ப்போன் நிலையும் அதுவே. காலத்தையும் விகிதத்தையும் வேறுபாட்டையும் ஒருங்கே காக்கும் வழி இல்லை. ஆகவே கேட்பதை இலகுவாக்கும் கருவி ஒவ்வொன்றினுள்ளும் ஒரு தெரிவு உறைந்துள்ளது. கேட்போன் எதிற் பிழைபட இடமுண்டு, எதில் இல்லை என்பதை, அவன் காதிற் கருவியை அணியுமுன்னரே வேறொருவர் முடிவுசெய்துவிடுகின்றார்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். இயற்கைச் செவியும் ஒரு கருவியே. அதுவும் காற்றின் அதிர்வை நரம்பின் துடிப்பாக மாற்றியே தருகின்றது. ஜோன் லொக் தமது ‘மனித விளக்கம் பற்றிய கட்டுரை’ என்னும் நூலில், செவி இப்போதுள்ளதைவிட ஆயிரம் மடங்கு கூர்மையுடையதாயின் ஓயாத இரைச்சல் மனிதனை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று வினவினார். புலன்களின் அளவு உண்மையின் அளவன்று. வாழ்வின் தேவைக்கு ஏற்ற அளவே என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் கருவியால் மாற்றப்பட்ட ஒலிக்கும் செவியால் மாற்றப்பட்ட ஒலிக்கும் வேறுபாடென்ன?

வேறுபாடு இரண்டு உண்டு. முதலாவது, இயற்கைச் செவி தனித்து நின்று சான்று கூறுவதில்லை. இடியோசை கேட்டோன் மின்னலையும் காண்கின்றான். மழையையும் மெய்யால் உணர்கின்றான். ஒரு புலன் பிழைப்பின் மற்றொன்று திருத்துகின்றது. கடலின் மேல் இருளில், ஆழத்து ஒலியை மட்டும் கேட்டிருப்போனுக்கு அத்துணை இல்லை. இரண்டாவது, இயற்கைச் செவியை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. அது எல்லார்க்கும் பொதுவானது. கருவியையோ ஒருவர் தெரிந்தெடுத்தார். தெரிவு உள்ள இடத்தில் ‘ஏன் இவ்வாறு தெரிந்தீர்?’ என்ற வினாவும் உண்டு. அவ்வினா எழும் இடத்தில் அறிவியற் பிரச்சினை அறப் பிரச்சினையாகின்றது.

சைவசித்தாந்த அளவையியல் இவ்விடத்துத் துணைபுரியும். காட்சி, கருதல், உரை என அறிவுக்கு வாயில்களாகிய அளவைகளை வகுக்கும் அந்நெறி, காட்சியெல்லாம் அளவையாகாது எனவும் வற்புறுத்தும். தூணோ மனிதனோ என ஊசலாடும் அறிவு ஐயம். கயிற்றைப் பாம்பெனத் துணியும் அறிவு திரிபு. இரண்டும் நீங்கியதே மெய்க்காட்சி. இவ்வகுப்பிற் கருதற்பாலதொன்றுண்டு. ஐயமும் திரிபும் இரண்டுமே குற்றமாயினும், அவை ஒருதன்மையன அல்ல. ஐயுறுவோன் தான் அறியாமையை அறிந்திருக்கின்றான். திரிபுற்றோன் அதனையும் அறியான். ஐயம் ஆராய்ச்சிக்கு வழிதிறக்கும். திரிபு அவ்வழியை அடைக்கும். ஒலியை இலகுவாகக் கேட்கச் செய்யும் கருவி ஐயத்தை நீக்குவதற்காகவே ஆக்கப்படுகின்றது. ஆனால் ஐயம் நீங்கிய இடத்தில் மெய்க்காட்சிதான் வந்து அமர்ந்தது என்பதற்கு உறுதி யாது? திரிபும் ஐயமற்றதே. தெளிவாகக் கேட்டது என்பதனால் உண்மையாகக் கேட்டது என்றாகாது. செவிக்கு இலகுவானது மனத்துக்கு உறுதியானதாய்த் தோன்றும் இயல்பே இங்கு மறைந்துள்ள இடராகும்.

வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளை இங்கு ஒப்புநோக்கலாம். 1950களிற் கடலடி ஒலிவாங்கிகளில் ஒரு விந்தையான ஒலி பதிவாயிற்று. செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வு. ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனளவே நீடிப்பது. ஒழுங்கான இடைவெளியில் மணிக்கணக்காகத் தொடர்வது. இத்துணை ஒழுங்கு உயிரினத்துக்கு உரியதன்று எனத் தோன்றியமையால், பகைவரின் கருவியாயிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஆனால் அது ஐயமாகவே வைக்கப்பட்டது. பதிவுகள் பேணப்பட்டன, கடலில் உயிரினங்களின் அருகே சென்று ஒலிகள் ஒப்பிடப்பட்டன. 1964ஆம் ஆண்டளவில், வில்லியம் ஷெவில் முதலிய ஆய்வாளர் அவ்வொலி துடுப்புத் திமிங்கிலம் எனப்படும் பெருவுயிரின் குரல் என நிறுவினர். அச்சம் அறிவாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன, அவ்வாண்டுகள் கொடுக்கப்பட்டன. ஈழத்துக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. 1984இல் திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடலில் நீலத் திமிங்கிலங்களின் பாடல் பதிவுசெய்யப்பட்டது. அது பிற சமுத்திரங்களின் நீலத் திமிங்கிலப் பாடல்களினின்றும் வேறானது என்பதும் பின்னர் அறியப்பட்டது. கொட்டியாரக் குடாவின் கரையில் நின்று கடலை நோக்கியோர் பலர். அதன் தாழ்ந்த பாடல் எவர் செவிக்கும் எட்டியதில்லை.

அதே 1964ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று இதற்கு நேர்மாறானது. ஓகஸ்ட் 2ஆம் திகதி வியட்நாமை அடுத்த ரொன்கின் வளைகுடாவில் ‘மடொக்ஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வடவியட்நாமியப் படகுகளால் உண்மையாகவே தாக்கப்பட்டது. இரு நாள் கழித்து, 4ஆம் திகதி இரவு, காலநிலை சீரற்றிருந்த காரிருளில் அக்கப்பலும் ‘ரேணர் ஜோய்’ என்னும் துணைக்கப்பலும் மீண்டும் தாக்கப்படுவதாக அறிவித்தன. மடொக்ஸின் சோனாரிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிக் குண்டுகளின் ஒலி கேட்டதாக அறிக்கைகள் வந்தன. துணைக்கப்பலின் சோனாரில் அவ்வாறு எதுவும் கேட்கவில்லை. கப்பல் குண்டுகளைத் தவிர்க்கக் கடுமையாகத் திரும்பிய ஒவ்வொரு முறையும், அதன் சொந்தச் சுழலியின் ஓசை சுக்கானிற் பட்டு மீண்டு வந்ததே குண்டோசையாகக் கேட்டது என்பது பின்னர்க் கொள்ளப்பட்ட விளக்கம். குண்டுக்கு அஞ்சித் திரும்பியது கப்பல். திரும்பியதனாற் பிறந்தது அடுத்த ‘குண்டு’. இங்கு பிழைத்தது தாழ்ந்த ஒலியை இடம்பெயர்த்த கருவியன்று; எனினும் கருவியின் வழியாகக் கேட்டதைத் துணிபாகக் கொள்ளுதல் என்ற அதே பிரச்சினையே இங்கும் உள்ளது.

அவ்விரவு கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய ஜோன் ஹெரிக் சில மணி நேரத்திலேயே ஐயம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். காலநிலையின் விளைவுகளும் சோனார் இயக்குநரின் மிகையான ஆர்வமும் பல அறிக்கைகளுக்குக் காரணமாகலாம் என்றும், மேலும் நடவடிக்கை எடுக்குமுன் முழுமையாக ஆராய்தல் வேண்டும் என்றும் அவர் அதிற் கூறினார். மேலிடத்தார் மீண்டும் வினவியபோது, முதலில் நிகழ்ந்த பதுங்கித் தாக்குதல் உண்மையே எனவும் அவர் அறிவித்தார். வினவுவோரின் அவசரத்தின் முன் ஐயம் சுருங்குவது மனித இயல்பு. மறுநாள் அமெரிக்க விமானங்கள் வடவியட்நாமைத் தாக்கின. ஓகஸ்ட் 7ஆம் திகதி படைப்பலத்தைப் பயன்படுத்தச் சனாதிபதிக்கு அதிகாரம் வழங்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0 என்றும், செனற் சபையில் 88க்கு 2 என்றும் நிறைவேறிற்று. சோனார் மட்டுமே இதற்குக் காரணமன்று. ராடர் அறிக்கைகளும், பிழையாகப் பொருள்கொள்ளப்பட்ட ஒற்றுக்கேட்ட செய்திகளும், போரை விரும்பிய அரசியலும் அதிற் பங்கு கொண்டன. 4ஆம் திகதி தாக்குதல் எதுவும் நிகழவில்லை என்பது, 2005இல் வெளியிடப்பட்ட அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் சொந்த ஆய்விலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அதற்குள் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்ட ஒரு போர் நடந்து முடிந்துவிட்டது.

அவ்விரவு காதிற் கருவியணிந்து அமர்ந்திருந்த இளைஞனை இதற்குக் குற்றவாளியாக்குதல் நீதியாகுமா? அவன் கேளாது விட்ட ஓர் உண்மைக் குண்டு நூற்றுக்கணக்கான தோழரைக் கொன்றிருக்கும். ‘கேட்டேன்’ என்றவனைக் கடற்படை பாராட்டும். ‘ஒன்றுமில்லை’ என்று சரியாகக் கூறியவனை எவரும் நினைவுகூரார். அச்சமும் கடமையும் ஒருங்கே அவன் செவியைக் கேட்கும் பக்கமாக வளைத்தன. இந்நிலையில் அவன் கடமை தான் கேட்டதை மறைப்பதன்று. கேட்டதைக் கேட்டவாறு, எதன் வழியாகக் கேட்டது என்பதோடு கூறுவதே. அதனை ஐயத்தோடு கூறும் உரிமை அவனுக்கு இருந்திருத்தல் வேண்டும். ‘குண்டு வருகின்றது’ என்பது துணிபு. ‘குண்டோசை போன்ற ஓர் ஓசை, கப்பல் திரும்பும்போது எழுகின்றது’ என்பது காட்சி. பின்னதனுள் உண்மையை அறியும் வழியும் அடங்கியிருந்தது.

ஆகவே பொறுப்பு ஒருவரில் நிற்பதன்று. ஒலி செல்லும் வழி நெடுகிலும் பகிரப்படுவது. கருவியை ஆக்குவோன் தான் எதைக் காத்தான், எதை இழந்தான் என்பதைக் கேட்போனுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவன். காலத்தைச் சுருக்கிய ஒலியையும், விகிதம் கெட்ட ஒலியையும், கருவி தானே உண்டாக்கிய மேற்றொனியையும் ‘கடலின் ஒலி’ என்ற ஒரே பெயரால் வழங்குதல் பொய்யின்பாற்படும். மாற்றப்படாத மூல ஒலி பேணப்படுதலும் வேண்டும். மூலம் இல்லாத மொழிபெயர்ப்பைத் திருத்துவார் இல்லை. கேட்போன் காட்சியையும் கருதலையும் பிரித்துக் கூறக் கடமைப்பட்டவன். கேட்டதைக்கொண்டு முடிவெடுப்போனுக்கோ எல்லாரினும் பெரிய கடமை உண்டு. ஒலி அவனை அடையும்போது அதனோடு பிறந்த ஐயமும் குறையாது அவனை அடைந்ததா என்று நோக்குதலும், அடைந்த ஐயத்தை வினாவால் நசுக்காதிருத்தலும் அவன் கடமை.

போர்க்களத்தில் ஐயத்துக்கு நேரமில்லை எனப்படலாம். தலைக்கு மேல் வந்த குண்டினின்றும் தப்பக் கப்பலைத் திருப்புதற்கு ஐயம் தடையாகாது. மாலுமி பிழையாகத் திரும்பினும் இழப்புச் சிறிது. ஆனால் அதே செவியறிவைச் சான்றாகக் கொண்டு இன்னொரு நாட்டின்மீது குண்டு வீசுதல் வேறு. செயலின் விளைவு மீட்கவொண்ணாததாகும் அளவுக்கு, அதற்கு வேண்டிய சான்றின் உறுதியும் உயர்தல் வேண்டும். தன்னைக் காக்கப் போதுமான அறிவு பிறரைக் கொல்லப் போதுமானதன்று. ரொன்கின் வளைகுடாவில் மறக்கப்பட்டது இவ்வேறுபாடே.

கேளா ஒலியைக் கேட்கச் செய்யும் முயற்சி தன்னளவில் இகழத்தக்கதன்று. அதனாலேயே திமிங்கிலத்தின் பாடல் மனிதனுக்கு எட்டிற்று. அம்முயற்சி நல்லறிவாவதும் கேடாவதும் கருவியின் நுட்பத்தால் மட்டும் அமைவதன்று. ‘இது மாற்றப்பட்ட ஒலி’ என்ற நினைவு, நீரடி ஒலிவாங்கியிலிருந்து முடிவெடுப்போனின் மேசை வரை அவ்வொலியோடு கூடவே சென்று சேர்கின்றதா என்பதிலேயே அது தங்கியுள்ளது.